ஒரு பாத்தி நிலம்: உளநலம் பாதிக்கப்பட்ட உறவினருக்கு வீட்டுத்தோட்டம்

சொந்தக் காணிக்குத் திரும்பிய முதல் கிழமைகளில் வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. பற்றை வெட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், தறப்பாளுக்குக் கீழே அடுப்பு வைக்க வேண்டும், கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் அலைய வேண்டும். இந்த ஓட்டத்துக்குள் ஒருவர் மட்டும் மரநிழலில் காலையிலிருந்து பின்னேரம் வரை இருந்த இடத்திலேயே இருப்பார். அவர் நீண்டகாலமாக மனநோய்க்கு மருந்து எடுப்பவராக இருக்கலாம். பிறப்பிலிருந்தே மனவளர்ச்சி குறைந்த பிள்ளையாக இருக்கலாம். இடப்பெயர்வின்போது கண்டதையும் இழந்ததையும் தாங்க முடியாமல் பேச்சைக் குறைத்துக்கொண்ட தாயாகவோ தகப்பனாகவோ இருக்கலாம். முகாமில் எல்லோருமே வரிசையில் நின்றும் காத்திருந்தும் நாளைக் கழித்தபடியால் அவருடைய நிலை அவ்வளவாகத் தெரியவில்லை. ஊருக்கு வந்த பின்புதான் அது கண்ணில் படுகிறது.

அவருக்கு உங்கள் வளவில் ஒரு பாத்தியைக் கொடுங்கள் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. இது மருந்துக்குப் பதிலான வைத்தியம் அல்ல. கிளினிக்கில் தரும் குளிசையோ மாதாந்த ஊசியோ தொடர்ந்து நடக்க வேண்டும். ஆனால், குளிசை ஒருவருக்கு நித்திரையைத் தரலாம், காதில் கேட்கும் குரல்களைக் குறைக்கலாம்; காலையில் எழும்புவதற்கு ஒரு காரணத்தை அதனால் தர முடியாது. தண்ணீருக்குக் காத்திருக்கும் நாலு கன்றுகள் அந்தக் காரணத்தைத் தரும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் றஷ் 1812இல் வெளியிட்ட மனநோய் பற்றிய நூலில், வைத்தியசாலையில் விறகு வெட்டியும் தோட்டத்தில் மண் கொத்தியும் வேலை செய்த ஏழை நோயாளர்கள் பலர் குணமடைவதையும், அந்தஸ்துக் காரணமாக வேலை எதுவும் கொடுக்கப்படாதவர்கள் அப்படியே வாடிக்கிடப்பதையும் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் அந்த நாட்டின் வைத்தியசாலைகளில் காயப்பட்டுத் திரும்பிய படைவீரர்களின் சிகிச்சையிலும் தோட்டவேலை சேர்க்கப்பட்டது. நமது பக்கத்தில் இதற்குப் பெயர் வைக்காமலே வைத்திருந்தோம். வளவுக்குள் தேசியும் கறிவேப்பிலையும் வைத்து, விடியப்புறம் தண்ணீர் ஊற்றி, பக்கத்து வீட்டாருடன் வேலிக்கு மேலால் கதைத்த பழக்கம் இடப்பெயர்வோடு அறுந்தவற்றில் ஒன்று.

மண்ணில் கை வைக்கும் முன்னர் ஒரு விடயம். மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்பட்ட காணியில் மாத்திரமே கொத்த வேண்டும். சந்தேகம் இருந்தால் கிராம அலுவலரிடம் கேளுங்கள். இந்த எச்சரிக்கை எல்லோருக்கும் உரியதுதான். ஆனால் மனவளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். மினுங்கும் இரும்புத்துண்டு அவருக்கு விளையாட்டுச் சாமான். அவருடைய பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டி, அவரைக் கூட்டிக்கொண்டு அந்தக் கயிற்றோரமாகத் தினமும் ஒருமுறை நடந்து காட்டுங்கள். கயிற்றுக்கு உள்ளே அவருடைய இடம். வெளியே தனியே போவதில்லை. இரும்பு எதையாவது கண்டால் தொடாமல் வந்து சொல்ல வேண்டும் என்பதையும், வந்து சொன்னால் ஏச மாட்டோம், பாராட்டுவோம் என்பதையும் பல நாட்கள் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். உடைந்த சுவர்க் குவியலுக்குள் கல் பொறுக்க அவரை அனுப்ப வேண்டாம்.

மண்ணைக் கொத்துவது என்றவுடனே சிலர் விலகிப்போவதையும் நீங்கள் காணலாம். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். வன்னியில் இருந்தவர்களுக்கு யுத்த காலத்தில் மண்வெட்டி பிடித்த நினைவு தோட்டத்து நினைவாக இல்லாமல் இருக்கலாம். பங்கர் வெட்டியது, அதைவிடக் கொடியது, அவசரமாக ஒருவரை அடக்கம் செய்தது. ஈரமண்ணின் மணமே சிலருக்கு அந்த நாளைக் கொண்டுவந்துவிடும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வேலையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. "ஏன், என்ன" என்று துருவிக் கேட்கவும் வேண்டாம். அவர் சொல்ல வந்தால் இருந்து கேளுங்கள்.

இப்படியானவர்களுக்குப் பைத்தோட்டம் நல்ல வழி. 50 கிலோ பசளைப் பையைக் கழுவி, அடியில் நாலைந்து துளை போட்டு, சிரட்டைத் துண்டுகளைப் பரப்பி, அதன் மேல் மண்ணும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்புங்கள். மண்ணை வேறொருவர் பாதுகாப்பான இடத்திலிருந்து கொண்டுவந்து கொடுக்கலாம். பையின் வாயை வெளிப்பக்கமாகச் சுருட்டிவிட்டால், கதிரையில் இருந்தபடியே வேலை செய்யலாம். காலை இழந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் இதே முறை உதவும். வளவு இன்னும் முழுதாகத் துப்புரவாகாத வீடுகளுக்கும் இதுவே பொருத்தம்.

என்ன நடுவது என்பதில் ஒரே விதிதான்: முதலாவது பயிர் விரைவாக முகம் காட்ட வேண்டும். மரவள்ளியை நட்டுவிட்டு 8, 10 மாதம் காத்திருக்கச் சொன்னால் நோயால் சோர்ந்தவர் அதை மறந்தே போவார். பயிற்றை விதை 3 முதல் 5 நாட்களில் முளைத்துவிடும்; அதன் விதை பெரியது, கை நடுங்குபவராலும் எடுத்து ஊன்ற முடியும். கீரை 3, 4 கிழமைகளில் சட்டிக்கு வரும். வெண்டி ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். பொன்னாங்காணித் தண்டை ஒடித்து ஊன்றினாலே போதும். இவற்றோடு ஒரு முருங்கைத் தடியையும் நட்டுவையுங்கள். அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். பூக்கன்று வீண் என்று சிலர் சொல்வார்கள். ஒரு செவ்வரத்தையோ நித்தியகல்யாணியோ சாமிப்படத்துக்கோ மாதா சுரூபத்துக்கோ தினமும் ஒரு பூவைத் தருமென்றால், அதைப் பறித்து வைப்பதும் ஒருவருடைய வேலையாகும்.

முதல் நாளே முழு வளவையும் கொத்தித் தள்ளும் ஆர்வம் சிலருக்கு வரும். மறுநாள் எழும்ப மாட்டார்கள். ஆறடி நீளம், மூன்றடி அகலம் போதும். காலையில் அரை மணித்தியாலம், வெயில் தணிந்த பிறகு அரை மணித்தியாலம். நேரம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். முதல் கிழமைகளில் நீங்களும் பக்கத்தில் நின்று உங்கள் வேலையைச் செய்யுங்கள். முகத்தைப் பார்த்துக் கதைக்கக் கூச்சப்படுபவர்கள் பலர், பக்கத்துப் பக்கத்தில் குந்தியிருந்து களை பிடுங்கும்போது தாமாகவே வாய் திறப்பார்கள்.

மனவளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். "தண்ணீர் ஊற்று" என்பது அவருக்கு ஒரு வேலை அல்ல, ஐந்து வேலை: வாளியை எடுத்தல், சிரட்டையால் அள்ளுதல், கன்றின் அடியைக் கண்டுபிடித்தல், மெதுவாக ஊற்றுதல், அடுத்த கன்றுக்குப் போதல். ஒன்று பழகிய பின்னர்தான் மற்றது. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிரட்டை என்று கணக்கு வைத்தால் எண்ணவும் பழகுவார். அவர் ஊற்றுவது பிந்துகிறதே என்று நீங்கள் வாளியைப் பறித்து ஊற்றிவிட்டால் தோட்டம் உங்களுடையதாகிவிடும். இதுதான் அன்புள்ள வீடுகளில் அடிக்கடி நடக்கும் பிழை.

மருந்து எடுப்பவர்கள் வெயிலைப் பற்றிக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். குளோர்புரோமசின் எடுப்பவர்களின் தோல் வெயிலில் எளிதில் எரிந்து கறுக்கும். தொப்பியும் நீளக்கைச் சட்டையும் தேவை. வேறு சில மனநோய் மருந்துகள் வியர்வையைக் குறைப்பதால் உடல் சூடேறலாம். லிதியம் எடுப்பவருக்கு உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். கை பலமாக நடுங்கினால், நடை தள்ளாடினால், வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஆகவே சித்திரை வெயிலிலும் சோளகக் காற்றுக் காலத்திலும் பத்து மணிக்குப் பிறகு தோட்டவேலை வேண்டாம். பக்கத்தில் குடிதண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். வலிப்பு வருபவரைக் கட்டில்லாத கிணற்றில் தனியே தண்ணீர் அள்ள விடவே கூடாது. மற்றவர் அள்ளி வாளியில் வைக்க, அவர் ஊற்றட்டும்.

இடப்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால், மிச்சமுள்ள குளிசை மட்டையையாவது எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். மருந்து இலவசம். தோட்டத்தில் நன்றாக வேலை செய்கிறார், இனி மருந்து எதற்கு என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். அவர் வேலை செய்வதற்கு அந்த மருந்தும் ஒரு காரணம்.

இந்தத் தோட்டத்துக்குக் கிருமிநாசினி தேவையில்லை. புழுவைக் கையால் பொறுக்கலாம், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். வயலுக்காக வாங்கிய கிருமிநாசினி இருந்தால் வீட்டில் வைக்காமல், பூட்டுப் போட்ட பெட்டியில் வேறிடத்தில் வையுங்கள். திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். உங்கள் உறவினர் சாவைப் பற்றிக் கதைத்தால், அல்லது பல நாட்கள் நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் இருந்தால், தோட்டம் அதற்கு மருந்தாகாது. அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

பயிர் அழியும் நாளும் வரும். கட்டாக்காலி மாடு ஒரே இரவில் எல்லாவற்றையும் மேய்ந்துவிடும். குரங்கு வரும், மயில் வரும். நமக்கு அது ஒரு கறி நட்டம். பிள்ளையை இழந்த ஒரு தாய், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு கன்றை வளர்த்திருந்தால் அது வேறு நட்டம். ஆகவே முதலில் வேலி, பிறகு விதை. கிளுவைக் கதியால் நட்டு அலம்பல் கட்டினால் செலவும் குறைவு. நினைவுக்காக ஒன்றை வளர்க்க விரும்புவோருக்குத் தக்காளியைக் கொடாமல் வேம்பையோ தென்னையையோ கொடுங்கள். அவை எளிதில் கைவிடாது.

சில வீடுகளில் அவர் ஓடிவிடுவார் என்ற பயத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். கட்டிய தாயை நாம் குறை சொல்ல வரவில்லை. ஷெல்லுக்கு நடுவே அவரைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி தெரிந்திருக்காது. இப்போது நிலைமை வேறு. உளநலப் பிரிவினருடன் கதைத்து மருந்தை ஒழுங்காக்கிய பின், நாளுக்கு அரை மணித்தியாலம் ஒருவர் கூட இருக்க, கட்டை அவிழ்த்துப் பாத்திக்குக் கூட்டி வாருங்கள். அந்த அரை மணித்தியாலம் மெல்ல மெல்ல நீளட்டும்.

விளைந்ததை அவரே பறித்து அடுக்களையில் கொடுக்கட்டும். சாப்பிடும்போது இது இன்னாருடைய கீரை என்று சொல்லுங்கள். மிச்சத்தை விற்றால் காசு அவருடைய கையில் போக வேண்டும். வீட்டில் சம்பளமில்லாத ஒரு கூலியாள் கிடைத்தார் என்று மற்றவர்கள் நினைக்கத் தொடங்கினால் எல்லாம் கெட்டுவிடும்.

ஐப்பசி தொடங்கி மழை பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லாமல் போகும். பழையபடி மூலையில் போய் இருந்துவிடக் கூடாது என்றால், மழைக்கு முன்பே அடுத்த வேலையைத் தேடி வைக்க வேண்டும். பயிற்றையிலும் வெண்டியிலும் நல்ல காய்கள் சிலவற்றைச் செடியிலேயே முற்றவிட்டு, காய்ந்ததும் பறித்து வையுங்கள். மழை நாளில் அவர் அவற்றை உடைத்து, சொத்தை நீக்கி, சாம்பல் கலந்து, காய்ந்த போத்தலில் அடைக்கலாம். போத்தலை அவரே வைத்திருக்கட்டும். மழை விட்டதும் விதை வேண்டுமென்றால் மற்றவர்கள் அவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.