வயிற்றில் ஏற்படும் ஊமைக்காயம்

வாகன விபத்திலோ, உயரத்திலிருந்து விழும்போதோ, மிதிவண்டியின் கைப்பிடி வயிற்றில் இடிக்கும்போதோ, தோல் கிழியாமலேயே உள்ளுறுப்புகள் சிதைவதுண்டு. அவ்வாறு அடிக்கடி பாதிக்கப்படுவது, இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் உள்ள, இரத்தம் நிறைந்த மென்மையான உறுப்பான மண்ணீரல். அது கிழிந்து வெளியேறும் இரத்தம் உதரவிதானத்தை, அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையை, உறுத்துவதால், அடிபடாத இடது தோளிலும் வலி தோன்றக்கூடும். தொடக்கத்தில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இயல்பாக இருக்கக்கூடும் என்பதால், வெளிக்காயம் இல்லையென்று வீட்டுக்குத் திரும்புவது மிகவும் ஆபத்தானது.

மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் கருவியால் வயிற்றில் இரத்தம் தேங்கியுள்ளதா என்று சில நிமிடங்களில் பார்க்கப்படுகிறது. நோயாளியின் நிலை சீராக இருந்தால் சி.டி. ஸ்கேன் காயத்தின் ஆழத்தைக் காட்டும். கிழிந்த மண்ணீரலை உடனே அகற்றுவதே முன்பு வழக்கமாக இருந்தது. இன்றோ, இரத்த அழுத்தம் நிலையாக உள்ளவர்களைத் தீவிரக் கண்காணிப்பில் வைத்தும், தேவைப்பட்டால் இரத்தம் கசியும் தமனியை மெல்லிய குழாய் வழியே அடைத்தும், அவ்வுறுப்பைக் காப்பாற்றவே மருத்துவர்கள் முயல்கின்றனர். இந்த நல்ல மாற்றம் குழந்தைகளுக்கான சிகிச்சையில்தான் முதலில் வேரூன்றியது. இரத்த அழுத்தம் தொடர்ந்து சரிந்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களை நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் எளிதில் தாக்கும் என்பதால், அவர்கள் உரிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதும், பின்னாளில் காய்ச்சல் கண்டால் தாமதமின்றி மருத்துவரைப் பார்ப்பதும் கட்டாயம்.