பிறவிச் செவிக்குறையும் மரபணுச் சோதனையும்

திருப்பதியை அடுத்த திருச்சானூர், பத்மாவதித் தாயார் திருக்கோயிலால் புகழ்பெற்ற ஊர். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அருகிலுள்ள திருப்பதியில், செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளியையும், இளங்குழந்தைகளுக்குக் கேட்கவும் பேசவும் பயிற்சி அளிக்கும் 'சிரவணம்' மையத்தையும் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தி வருகிறது. பயிற்சிக்கு வழி உண்டு. எனினும், "இக்குறை ஏன் நேர்ந்தது?" என்ற கேள்வி பெற்றோரை வாட்டுகிறது. கிரகணத்தின் மீதும் தாயின் மீதும் பழி சுமத்தும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இக்கேள்விக்கு அறிவியல் அளிக்கும் விடைகளுள் ஒன்றே மரபணுச் சோதனை.

காரணங்கள்

பிறவிச் செவிக்குறைகளில் ஏறத்தாழப் பாதிக்கு மேற்பட்டவை மரபுவழிப்பட்டவை. கருவுற்ற தாய்க்கு ஏற்படும் ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுகள், குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சட்காமாலை முதலியன பிற காரணங்கள்.

மரபுவழிக் குறைகளில் பெரும்பாலானவை ஒடுங்கு தன்மை உடையவை. தாய், தந்தை இருவருக்கும் செவி நன்கு கேட்கும். ஆனால் ஒவ்வொருவரிடமும் பழுதுற்ற மரபணுப் பிரதி ஒன்று மறைந்திருக்கும். இரண்டும் ஒரு குழந்தையிடம் சேரும்போதுதான் குறை வெளிப்படுகிறது. இத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பேற்றிலும் இதற்கு 25 சதவீத வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்குக் குறை இருப்பதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கொள்வது தவறு.

ஜி.ஜே.பி.2 என்னும் மரபணு 'கனெக்சின் 26' என்ற புரதத்தை உருவாக்குகிறது. உட்செவியின் செல்களுக்கிடையே பொட்டாசியம் முதலியவை கடந்து செல்லும் வாயில்கள் இப்புரதத்தால் ஆனவை. இம்மரபணுவுக்கும் செவிக்குறைக்கும் உள்ள தொடர்பு 1997இல் கண்டறியப்பட்டது. 226 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தின் ஆக்கம் 24ஆம் இடத்திலேயே நின்றுவிடும் மாற்றமே, இம்மரபணுவின் பழுதுகளில் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுவது என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

உறவுத் திருமணம்

தென்னாட்டில் தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகன் ஆகியோரை மணப்பது நெடுநாள் வழக்கம். ஒரு மூதாதையரின் அதே மரபணு இரு வழிகளிலும் வந்து குழந்தையிடம் சேரும் வாய்ப்பு, தாய்மாமன் திருமணத்தில் எட்டில் ஒன்று. அத்தை, மாமன் மக்களுக்கிடையிலான திருமணத்தில் பதினாறில் ஒன்று. இதனால் ஒடுங்கு குறைகள் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. ஆயினும் உறவில்லாத் தம்பதியருக்கும் இக்குறை நேரலாம். உறவில் மணந்தோருள் பெரும்பாலோருக்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன. ஆகவே, எவரையும் குற்றவாளியாக்குவது இச்சோதனையின் நோக்கமன்று.

சோதனையின் பயன்

குழந்தையின் சிறிதளவு இரத்தமே சோதனைக்குப் போதுமானது. பெற்றோரின் இரத்தமும் கிடைத்தால் முடிவு தெளிவுபெறும். சில வகைச் செவிக்குறைகளோடு பார்வை இழப்போ, இதயத்துடிப்புக் கோளாறோ சேர்ந்து வரலாம். முன்கூட்டியே அறிந்தால் காக்க வழியுண்டு. தாய்வழியாக மட்டும் வரும் ஒரு மாற்றம் உடையோருக்கு, ஜென்டமைசின் போன்ற மருந்துகள் செவியைக் கெடுக்கும். அவ்வுண்மை குடும்பத்தின் பிற குழந்தைகளின் செவியையும் காக்கும். சோதனையில் எதுவும் புலப்படாவிடினும் மரபுக் காரணம் இல்லையென முடிவு கட்டலாகாது. அறியப்படாத மரபணுக்கள் இன்னும் உள்ளன. ஆகையால் சோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை இன்றியமையாதது.

காலம் தவறலாகாது

மரபணுச் சோதனை செவிப் பரிசோதனைக்கு மாற்றன்று. பிறந்த ஒரு மாதத்திற்குள் செவியைச் சோதித்து, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் தொடங்க வேண்டும் என்பது வல்லுநர் வகுத்த நெறி. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டமான ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம், பிறவிச் செவிக்குறையையும் கண்டறிய வேண்டிய குறைகளுள் சேர்த்துள்ளது. மொழி வேரூன்றும் முதல் ஆண்டுகள் மீண்டும் வாரா. எனவே, மரபணு முடிவுக்காகக் காத்திருந்து கருவியைத் தள்ளிப்போடுதல் ஆகாது. இவ்வுண்மையை ஒவ்வொரு பெற்றோரிடமும் கொண்டு சேர்ப்பது சுகாதார ஊழியரின் முதற்கடமை.