ஏரி வண்டலும் உலோகத் திரட்சியும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் ஏரி, தமிழகத்து ஏரிகள் பலவற்றைப் போன்று மழைநீரை வாங்கித் தேக்கும் இயல்பினது. ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'கால்' என்னும் சொல் தமிழில் நீர் செல்லும் வழியையும் குறிப்பதாகும். நீர் வரும் வழியிலுள்ள பொருள்களும் நீரோடு உடன் வரும். பாறையிலும் மண்ணிலும் உள்ள இரும்பு, மாங்கனீசு முதலியனவும், நகரக் கழிவிலுள்ள செம்பு, துத்தநாகம், ஈயம் முதலியனவும் இவ்வாறு ஏரிகளை அடைதல் கூடும்.

அவை ஆண்டுத் திரளுதல் எங்ஙனம்? கோடையில் நீர் ஆவியாகின்றது. அதிற் கரைந்த உலோகமோ பின்தங்குகின்றது. தழை முதலியன மக்கி அழியும். உலோகம் தனிமமாதலின் அழிவதில்லை. மேலும், அதன் பெரும்பகுதி களிமண், மக்கிய பொருள், இரும்புத் துரு ஆகியவற்றின் நுண்துகள்களைப் பற்றி வண்டலாய்ப் படியும். எனவே, நீரின் தெளிவு ஒன்றே ஏரியின் தூய்மைக்குச் சான்றாகாது.

படிந்தது மீளாது எனக் கொள்ளுதலும் பொருந்தாது. அடிநீரில் உயிர்வளி குன்றுங்கால் இரும்புத் துரு கரையும். அதனைப் பற்றியிருந்தவற்றுட் சில மீண்டும் நீரிற் கலக்கும். பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீன்களின் உடலிற் சேர்ந்து, உண்பாரைச் சாரும்.

இதற்குக் கொடைக்கானல் ஏரி தக்க சான்றாகும். 1863-ஆம் ஆண்டில் அமைந்த அவ்வேரியுள்ள ஊரில், பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின்படி, ஏரிநீரில் லிட்டருக்கு 0.356 முதல் 0.465 மைக்ரோகிராம் வரையும், வண்டலில் கிலோவுக்கு 276 முதல் 350 மைக்ரோகிராம் வரையும் பாதரசம் இருந்தது. எடைக்கு எடை ஒப்பிடின், வண்டலில் உள்ளது நீரிலுள்ளதினும் பல நூறு மடங்காதல் புலனாம்.

'தூர்தல்' என்பதற்கு நிரம்பி அடைபடுதல் என்பது பொருள். ஏரி தூராது காத்தலைக் கடமையாகக் கொண்டனர் நம் முன்னோர். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. வாரிய வண்டலை வயலுக்கு இடுதலும் நெடுநாள் வழக்கே. வண்டலை அகற்றின் அதிலுள்ள உலோகமும் ஏரியை விட்டு நீங்கும். ஆயின் அவ்வண்டல் வயலைச் சேரின் உலோகமும் வயலையே சேரும். ஆதலின், கழிவு கலக்கும் ஏரிகளில் தூர் வாருவார் வண்டலின் அளவை மட்டுமன்றி அதன் தன்மையையும் ஆய்ந்தறிந்த பின்னரே அதனை நிலத்திற்கு இடுதல் வேண்டும்.