பத்திரத்தில் எழுதிக்கொடுத்தால் விவாகரத்து ஆகிவிடுமா?

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நாலு வரி. ‘இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம்.’ கீழே கணவன், மனைவி கையெழுத்து, ஊர்ப் பெரியவர்கள் இருவரின் சாட்சி, நோட்டரி வக்கீலின் முத்திரை. தமிழகத்தின் பல ஊர்களில் இதைத்தான் விவாகரத்து என்று இன்றும் நம்புகிறார்கள்.

அந்தத் தாள் செல்லாது. இந்துத் திருமணச் சட்டம், 1955-இன்படி நடந்த திருமணத்தை நீதிமன்றத் தீர்ப்பாணைதான் முறிக்க முடியும். அறுத்துக்கட்டும் வழக்கம் உள்ள சமூகங்களுக்கு மட்டும் அதே சட்டத்தின் 29-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவருவதை, அப்படிச் சொல்பவர்தான் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ எழுதித்தர நோட்டரிகளுக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகமும் 2024-இல் தெளிவுபடுத்திவிட்டது.

இந்தத் தாளை நம்பி வாழ்க்கைப்படும் இரண்டாவது பெண்ணின் நிலைதான் மிகவும் கொடுமையானது. கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான், சட்டப்படி மனைவி வேறொருவர் என்பது அவருக்குத் தெரியவரும். முதல் திருமணம் நிலுவையில் இருக்க மறுமணம் செய்தவருக்கு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. பிறந்த குழந்தைகளை மட்டும் 16-ஆவது பிரிவு காப்பாற்றுகிறது: பெற்றோரின் சொத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு.

இருவரும் சம்மதித்தால்

சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்து உரிமை 1949-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஆனால் இருவரும் மனமொத்துப் பிரியும் வழியை இந்துத் திருமணச் சட்டம் திறந்தது 1976 திருத்தத்தில்தான். அதுதான் 13-பி பிரிவு.

ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து குடும்பநல நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். பிறகு ஆறு மாதம் காத்திருப்பு. அதன் பின்னும் மனம் மாறவில்லை என்றால், பதினெட்டு மாதத்துக்குள் மீண்டும் நீதிபதி முன் வந்து சொன்னால் தீர்ப்பாணை கிடைக்கும்.

அந்த ஆறு மாதம் கட்டாயமா? உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் இதற்குப் பதில் சொன்னது. 1994-இல் மணந்து, 2008 முதல் பிரிந்து வாழ்ந்த டெல்லித் தம்பதியின் வழக்கு அது. ஜீவனாம்சமாக 2.75 கோடி ரூபாய், பிள்ளைகள் யாரிடம் இருப்பது என எல்லாம் பேசி முடிந்திருந்தது. சமரச முயற்சிகள் தோற்று, பிரிந்து ஒன்றரை ஆண்டு கடந்து, கொடுக்கல் வாங்கலும் தீர்ந்துவிட்டால், வெறும் காத்திருப்பு வேதனையைத்தான் நீட்டிக்கும், ஆகவே நீதிபதி அதைத் தள்ளுபடி செய்யலாம் என்றது தீர்ப்பு.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தீர்ப்பாணை வரும்வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே நகை, சீர்ப்பொருள், ஜீவனாம்சம், குழந்தையைப் பார்க்கும் நாட்கள் ஆகியவற்றை வாய்ப்பேச்சில் விடாமல் மனுவிலேயே எழுதிவிடுவது அவசியம்.

ஒருவர் மறுத்தால்

அப்போது 13-ஆவது பிரிவு. கொடுமை, மண உறவுக்கு வெளியே உடலுறவு, இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது, மதமாற்றம் போன்ற காரணங்களில் ஒன்றையாவது நிரூபித்தாக வேண்டும். ‘மனசு ஒட்டவில்லை’ என்பது தனிக் காரணம் ஆகாது. மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின் கீழ் ரத்து செய்யலாம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது.

திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர் ஆகியவற்றில் ஒன்றில் மனு போடலாம். மனைவிக்குக் கூடுதலாக ஓர் உரிமையை 2003 திருத்தம் தந்தது: தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே அவர் வழக்குத் தொடுக்கலாம். தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண்கள் பலருக்கு இது தெரியாது.

சம்மன், ஆலோசகர் முன் பேச்சு, எதிருரை, சாட்சியம், குறுக்கு விசாரணை, வாதம் என்று வழக்கு நகரும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. கோபத்தில் சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்புவது பெரும் தவறு. வராதவர் தரப்பைக் கேட்காமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும்.

வழக்கு நடக்கும் காலத்தில் வருமானமில்லாத மனைவி, ஏன் கணவனும்கூட, 24-ஆவது பிரிவில் இடைக்காலப் பராமரிப்பும் வழக்குச் செலவும் கேட்கலாம். இருதரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், பராமரிப்புத் தொகையை மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சம்பளத்தை மறைப்பவர்களுக்கு இந்த உத்தரவு பெரிய கடிவாளம்.

தீர்ப்பாணை கையில் வந்ததும் மறுமணத்துக்கு அவசரப்படக் கூடாது. மேல்முறையீட்டுக்கான காலம் முடிய வேண்டும். மேல்முறையீடு நடந்தால் அது தள்ளுபடியாகும்வரை காத்திருக்க வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று முத்திரைத்தாளைத் தேடிப் போகும் பெண்கள், அதற்கு முன் தங்கள் மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்தப் பெண்ணுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் நியமித்துத் தருவார்கள்.