நீல லேசர் ஏன் நிறமற்ற அக்ரிலிக்கை வெட்டுவதில்லை?

வீட்டில் கைவினை செய்ய லேசர் இயந்திரம் வாங்குவோர் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்றுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, "என்ன அலைநீளம்?"

ஒரு பொருள் வெட்டுப்பட, அது ஒளியை உறிஞ்சிச் சூடாக வேண்டும். விலை குறைந்த டையோடு லேசர்களில் பெரும்பாலானவை நீல ஒளி தருபவை; அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். நிறமற்ற அக்ரிலிக் வழியே கண்ணுக்குத் தெரியும் ஒளி புகுந்து போய்விடும். நீலமும் அப்படித்தான். அதே தகடு கறுப்பாக இருந்தால், நீலத்தை உறிஞ்சி உருகும்.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் சுமார் 10,600 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதற்கு நிறமற்ற அக்ரிலிக்கும் சுவர்தான்; ஒளி புகுந்து போகாமல் உறிஞ்சப்படுவதால் தகடு வெட்டுப்படும். மெல்லிய பலகை, அட்டை, தோல் மட்டும் வெட்டுவதென்றால் டையோடே போதும் என்பேன்.

பி.வி.சி.யை மட்டும் எந்த லேசரிலும் வைக்காதீர்கள். புகையில் வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலைப் புண்ணாக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். ரெக்சின் வகைகளில் பலவும் பி.வி.சி. பூசியவை. பாதுகாப்புக் கண்ணாடியையும் உங்கள் லேசரின் அலைநீளத்துக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள்.