டிப்போவில் மிதக்கும் பெட்ரோல்

பெட்ரோல் இறக்கித் திரும்பும் டேங்கர் லாரி காலியன்று. உள்ளே ஆவி நிறைந்திருக்கும். டிப்போவில் 12,000 லிட்டர் ஏற்றினால், ஏறத்தாழ அதே அளவு ஆவிக்காற்று வெளியேறும். அதில் புற்றுநோய் விளைவிக்கும் பென்சீனும் உண்டு. லாரிமேல் நின்று மூடி திறப்பவரே (என் தந்தைக்கு அதுதான் வேலை) அதை முதலில் சுவாசிக்கிறார். எஞ்சியது வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து ஓசோனை உண்டாக்கும்.

இவ்வாவியை மீட்கலாம். குழாய் வழியே கிளர்வூட்டிய கரிக்குள் செலுத்தினால், நாம் வகுப்பில் படித்த அதே பரப்புக் கவர்ச்சியால் பெட்ரோல் மூலக்கூறுகள் கரியில் ஒட்டிக்கொள்ளும், காற்று வெளியேறும். பின்பு வெற்றிடப் பம்பு அவற்றைப் பிரித்தெடுக்க, பெட்ரோல் தாரையொன்று கரைத்துக்கொண்டு தொட்டிக்கே திரும்புகிறது. வெளியேறும் காற்றில் கனமீட்டருக்கு 35 கிராமுக்கு மேல் ஆவி கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் விதித்தது.

ஆனால் மேல்மூடி திறந்தே கிடந்தால் கரியால் என்ன பயன்? லாரியின் அடிப்புறக் குழாய் வழியே நிரப்பவேண்டும். அப்போது எவரும் மேலே ஏறவேண்டியதில்லை.