பழைய ஜிப்சிக்கு ஒரு சூடான இருக்கை

கேலாங்கில் ஜனவரி மாதக் காலையில், இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் ரெக்ஸின் இருக்கையில் அமர்வது பனிப்பாளத்தின்மீது அமர்வதற்கு ஒப்பானது. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கும் மேலே உள்ளது அவ்வூர். பணி நிமித்தமாக அங்குக் குடியேறியபோது நாங்கள் வாங்கியது 2003ஆம் ஆண்டில் பதிவான ஒரு மாருதி ஜிப்சி. 1985இல் அறிமுகமாகி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்ட வண்டி அது. ராணுவமும் காவல்துறையும் மலைப்பாதைகளில் நம்பிப் பயன்படுத்தியது. நான்கு சக்கரங்களும் இழுக்கும். ஊர் மெக்கானிக் எவரும் பழுது பார்ப்பார். ஆனால் எங்கள் வண்டிக்குக் கூரையும் பக்கங்களும் கான்வாஸ். குளிரைத் தடுப்பது அதன் சிறப்புகளுள் ஒன்றன்று.

எங்களுடன் வசிக்கும் அத்தைக்கு இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோய். மாதம் ஒருமுறை அவரைக் குலுவில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ரோத்தங் கணவாயைப் பனி மூடிவிடும் மாதங்களில், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையே எங்களுக்கு வழி. நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவுதான். பனிக்காலத்தில் அதற்கு அரை நாள் போய்விடும். இருக்கையைச் சூடாக்கும் எண்ணம் அப்படித்தான் எழுந்தது.

இது புதிய வசதியன்று. அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 1966லேயே இருந்தது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் எழுபதுகளின் தொடக்கத்தில் இதைப் பரவலாக்கியது. இன்று எந்த வண்டிக்கும் பொருத்தக்கூடிய மெல்லிய கார்பன் இழை விரிப்புகள் பெட்டியில் வைத்து விற்கப்படுகின்றன. இருக்கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, ஒரு சுவிட்ச், சிறிது வயர். இரண்டு முன்னிருக்கைகளுக்கும் சேர்த்து நாங்கள் கொடுத்த விலை 6,000 ரூபாய்.

வண்டியில் ஏற்கெனவே ஹீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது இன்ஜினைச் சுற்றிவரும் நீரின் வெப்பத்தை எடுத்துக் காற்றில் கலப்பது. நீர் சூடாகும்வரை அதனால் பயனில்லை. சூடான பின்னும் அந்தக் காற்றில் பெரும்பகுதி கான்வாஸின் இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். இருக்கை விரிப்போ உடலைத் தொட்டுக்கொண்டே சூடேற்றுகிறது. ஆகவே மிகக் குறைந்த மின்சாரத்தில், சில நிமிடங்களிலேயே பலன் தெரிகிறது. எங்கள் பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த அளவு இருக்கைக்கு 48 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இது 4 ஆம்பியர். இரண்டு இருக்கைக்கு 8.

எட்டு ஆம்பியர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றியது. அங்கேதான் தவறினோம்.

சுரங்கத்துள் ஒரு நெடி

கடைத்தெருவில் சீட் கவர் தைக்கும் ஒருவர் அரை நாளில் வேலையை முடித்துத் தந்தார். சிகரெட் லைட்டருக்குச் செல்லும் பழைய வயரை அறுத்து, அதிலிருந்தே இணைப்பு எடுத்திருந்தார். வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். எர்த் வயரை இருக்கைக்குக் கீழே, தரைத்தகட்டின் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தார். கூலி குறைவு என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்கு நாங்களே பொறுப்பு.

அடுத்த வாரமே புறப்பட்டோம். சிஸ்ஸுவைக் கடந்து சுரங்கத்துள் நுழைந்து ஏறத்தாழப் பாதி தொலைவு சென்றபோது பிளாஸ்டிக் கருகும் நெடி வந்தது. சுரங்கத்தின் நீளம் 9 கிலோமீட்டர். சுவிட்சை அணைத்தோம், நெடி உடனே நிற்கவில்லை. எங்கள் கண்கள் அவசரத் தொலைபேசிகள் இருந்த பக்கச் சுவரிலேயே இருந்தன. பின்னிருக்கையில் இருந்தவர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டார். மின்பழுதுக்குத் தண்ணீர் உதவாது என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை. தெற்கு வாயிலைக் கடந்து ஓரமாக நிறுத்தி இருக்கையைத் தூக்கிப் பார்த்தபோது, எர்த் இணைப்பில் வயரின் மேலுறை உருகி, தரைவிரிப்பில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கருகியிருந்தது. ஃபியூஸ் மட்டும் முழுதாக இருந்தது.

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்வி. ஃபியூஸ், அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது மட்டுமே உருகும். துருப்பிடித்த போல்ட்டிலும் முறுக்கிய இணைப்பிலும் நிகழ்வது அதற்கு நேர்மாறானது. அங்கே மின்தடை கூடுகிறது. ஆகவே மின்னோட்டம் குறைகிறது. ஆனால் அந்த ஓர் இடத்தில் வெப்பம் குவிகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பத்தின் அளவு கிடைக்கும் என்பது பள்ளியில் படித்த கணக்கு. துருவினால் அரை ஓம் தடை ஏற்பட்டு, எட்டுக்குப் பதில் ஆறு ஆம்பியரே ஓடுவதாகக் கொள்வோம். அந்தப் போல்ட்டில் மட்டும் 18 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். ஏறக்குறைய அப்படியொன்றைத் தரைவிரிப்பின் அடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்திருக்கிறோம்.

வெப்பமான ஊர்களில் வசிக்கும் வாசகர்களுக்கு இருக்கைச் சூடேற்றி வேடிக்கையாகத் தோன்றலாம். கூடுதல் ஹாரன், பனிமூட்ட விளக்கு, ஒலிபெருக்கி என எதைப் பழைய வண்டியில் சேர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மீண்டும் முதலிலிருந்து

இம்முறை ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் சென்றோம். அவர் விரிப்புகளைத் தொடவே இல்லை. முதலில் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, முகப்பு விளக்கு, வைப்பர், ஹீட்டர் விசிறி எல்லாவற்றையும் போட்டு, மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தார். 13 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரிடம் கொடுக்க இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றார். ஆல்டர்னேட்டரின் தகட்டில் உள்ள எண் இன்ஜின் வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. பனியில் வண்டிகள் வரிசையாக நின்று ஊரும்போது அதில் ஒரு பகுதியே கிடைக்கும். மீதியைப் பேட்டரி தர வேண்டும். பேட்டரியோ குளிரில் தன் திறனில் கணிசமான பகுதியை இழந்து நிற்பது. எங்கள் மீட்டர் 12.4 காட்டியது. ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்திருந்தது. அதை மாற்றிய பிறகே மேற்கொண்டு பேசினார்.

பிறகு பேட்டரியிலிருந்தே 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி இணைப்பு எடுத்து, பேட்டரியை ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தார். இடையில் ஒரு ரிலே. சாவியைத் திருப்பினால்தான் அது இயங்கும். ஆகவே சுவிட்சை அணைக்க மறந்தாலும் இரவில் பேட்டரி இறங்காது. எர்த் வைக்கும் இடத்தில் துருவையும் பெயின்டையும் பளபளக்கும்வரை சுரண்டி, லக் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். தளர்ந்துபோன பழைய பஞ்சையும் மாற்றச் சொன்னார். பஞ்சு குழிந்தால் விரிப்பு மடியும். மடிந்த இடத்தில் சூடு இரட்டிக்கும். விரிப்பு பஞ்சுக்கும் உறைக்கும் இடையில் மடிப்பின்றி இருக்க வேண்டும். இருக்கையில் முழங்காலை ஊன்றி ஏறும் பழக்கத்தையும் கைவிட்டோம். பஞ்சு, வயர், ரிலே, கூலி எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். அதாவது விரிப்புகளின் விலையைவிட அதிகம்.

காகிதத்தில் செய்ய வேண்டியவை

பழைய வண்டி வைத்திருப்போர் பலர் மூன்றாம் தரப்புக் காப்பீட்டோடு நின்றுவிடுகின்றனர். சட்டம் கேட்பது அவ்வளவே. ஆனால் அன்று தரைவிரிப்பு தீப்பற்றியிருந்தால், அந்தக் காப்பீட்டில் எங்கள் வண்டிக்கு ஒரு ரூபாயும் கிடைத்திராது. முழுமையான காப்பீடு எடுத்தால், ஐந்து ஆண்டைக் கடந்த வண்டியின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனமும் நாமும் பேசியே முடிவுசெய்கிறோம். அப்போதே, தயாரிப்பாளர் பொருத்தாத மின்சாதனங்களையும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். அவற்றுக்கெனத் தனி ஒப்புதல் உண்டு. வழக்கமாக அதற்குச் சாதனத்தின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். எங்கள் 6,000 ரூபாய்க்கு அது 240 ரூபாய். தெரிவிக்காமல் விட்டு, தீ அந்த வயரிலிருந்தே தொடங்கியதென்று ஆய்வாளர் எழுதினால், இழப்பீடு கிடைப்பது கடினமாகும். ஆகவே விரிப்புக்கும் வேலைக்கும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் முறை நாங்கள் வாங்கவில்லை.

பதிவுச் சான்றிதழைப் பொறுத்தவரை அச்சம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு தடுப்பது, சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை. இருக்கையின் உள்ளே உள்ள விரிப்பு அவ்விவரங்களில் எதையும் மாற்றுவதில்லை. எனினும் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த தனியார் வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான சோதனையின்போது தொங்கும் வயர்கள் நல்ல எண்ணத்தை ஏற்படுத்தா.

அத்தையின் இருக்கை

ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். சுரங்கத்தில் நெடி வந்த அன்று, முன்னிருக்கையில் அமர்ந்திருந்த அத்தை, தம் பக்கம் சூடே வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதனால் சுவிட்சை உச்சத்தில் வைத்திருந்தோம். வண்டியை நிறுத்தி அவர் இருக்கையில் கை வைத்தபோது நீண்ட நேரம் வைத்திருக்க முடியவில்லை. குலுவில் மருத்துவர் பார்த்தபோது தொடையின் பின்புறம் சிவந்திருந்தது. நல்லவேளையாகக் கொப்புளம் இல்லை. நெடுநாள் நீரிழிவு நோயில் நரம்புகள் பாதிக்கப்பட்டு, சூடு உணரப்படாமல் போகும். மிதமான சூடுகூட, மணிக்கணக்கில் தோலோடு ஒட்டியிருந்தால் புண்ணாக்கும். தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

மருத்துவர் சொன்னபடி இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பு இன்ஜினை இயக்கி, இரு இருக்கைகளையும் சூடாக்குகிறோம். அத்தை ஏறுவதற்கு முன் அவர் பக்கத்துச் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். புதிய பஞ்சு சிறிது நேரம் வெதுவெதுப்பைத் தாங்கி நிற்கிறது. பிறகு அவர் மடியில் குலுவில் வாங்கிய கம்பளிப் போர்வை.

“முதலிலேயே இந்தப் போர்வையை வாங்கித் தந்திருக்கலாமே” என்று சென்ற மாதமும் கேட்டார்.